ஆட்டும், பாப்போம்

எங்கள் வீட்டு மரப் பீரோவின் மேல்தட்டில் ஒரு சுவெட்டர் இருக்கிறது. அரக்கு நிறம், கழுத்தோரம் வெள்ளைக் கோடு. ஒரு தடவைகூட யாரும் அதைப் போட்டதில்லை. திருநெல்வேலியில் சுவெட்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். மார்கழி விடியலில் தலையில் ஒரு துண்டைச் சுற்றினால் தீர்ந்தது எங்கள் குளிர். ஆனாலும் அம்மா இருந்தவரை வருடா வருடம் அதை மாடியில் வெயில் காட்டி, அந்துருண்டை மாற்றி, மடித்து வைப்பாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் வந்தால் பீரோவையே காலி செய்து கொடுப்பவள், இதில் மட்டும் கை வைக்க விடமாட்டாள். சுவெட்டரின் கழுத்துக்குப் பின்னால், உள்பக்கமாக, ஒரு சின்ன வெள்ளை நாடா தைத்திருக்கும். அதில் கறுப்பு நூலில், இந்தி எழுத்தில், என் பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது அது. அதை முன்னிட்டுத்தான் அப்பாவுக்கும் எங்கள் பிரின்சிபாலுக்கும் ஊரறிய ஒரு சண்டை நடந்தது. இன்றைக்கும் டவுணில் பாதிப் பேருக்கு அப்பாவை அந்தச் சண்டையை வைத்துத்தான் தெரியும். உண்மையில் எதற்கான சண்டை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அதற்கு முன்னால் அப்பா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. வீட்டில் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதி நாலையும் நடந்துவிட்டு வருவார். திரும்பும்போது கையில் அல்வாப் பொட்டலம் இருந்தால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். "உங்கப்பாவுக்குக் கோவம் வந்தா அல்வாக் கடைக்காரனுக்குத்தான் லாபம்" என்பாள் அம்மா. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் வைக்கும் இந்திப் பரீட்சைகளை எல்லாம் எழுதித் தேறி, அதற்காக ஒரு இன்கிரிமென்டும் வாங்கியவர் அப்பா. ரேடியோவில் பழைய இந்திப் பாட்டு வந்தால் சவரம் செய்வதை நிறுத்திவிட்டு, பாதி நுரையோடு எங்களுக்கு அர்த்தம் சொல்லுவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதினோரு வயதில் குறுக்குத்துறைப் படித்துறையில் முதல் தடவையாக வலிப்பு வந்தது. அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாளாம். நான் ஈரப் பாவாடையோடு படியில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சரிந்தேனாம். யாரோ ஒரு பெண் ஓடிவந்து தன் இடுப்புச் சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்தாளாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், கண் திறந்தபோது ஆற்றுக்கு மேலே வானம் இருந்தது. அம்மாவின் முகம் இருந்தது. உள்ளங்கையில் சாவி அழுத்திய தடம் இருந்தது. பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தப்பக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, இரண்டே கட்டளை. கையில் இரும்பு கொடுப்பதால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். அம்மா கேட்பாளா? "டாக்டரு சொன்னா சொல்லட்டும். சாவி என்ன, சோறா கேக்குது?" என்று ஒரு பழைய இரும்புச் சாவியை என் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். அந்தச் சாவிக்கு உரிய பூட்டு எங்கே போயிற்று என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அக்கம்பக்கத்தில் வெயில் மயக்கம் என்று சொல்லி வைத்தோம். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த ரத வீதிகளைச் சுற்றித்தான் இருந்தார்கள். கீழரத வீதியில் தும்மினால் மேலரத வீதியில் கஷாயம் போடுவார்கள். "பொட்டப் பிள்ளல்லா. ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" என்று அம்மா அடுக்களையில் முணுமுணுப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். என்னமோ நான் திருடிவிட்டு வந்த மாதிரி! ஆனால் நானும் வாயைத் திறந்ததில்லை. வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது. வருடத்தில் ஓரிரு தடவை, அதுவும் சரியாகத் தூங்காத நாளின் விடியலில்தான் வரும். வீட்டுக்குள்ளேயே வந்து, வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

நான் படித்தது பாளையங்கோட்டையில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். டவுணிலிருந்து பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டிப் போகவேண்டும். அங்கே புதிதாக வந்த பிரின்சிபால் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் டில்லியில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்கு இங்கே வேலை, அதனால் வந்தவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், விறைப்பான நடை. அவருக்கு ஒரு கனவு இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் அரைப் பரீட்சை முடிந்ததும் அவர் படித்த வடக்கத்திப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். அந்த ஊர்ப் பெண்களின் வீடுகளில் ஆளுக்கு ஒரு வீடாகத் தங்கி, இந்தி பேசிப் பழக வேண்டும். அப்புறம் சித்திரை மாதம் அந்தப் பெண்கள் இங்கே வந்து நம் வீடுகளில் தமிழ் படிப்பார்கள். சித்திரையில், திருநெல்வேலிக்கு! பாவம் அந்தப் பிள்ளைகள் என்று அப்போதே நினைத்தேன். ஆசைப்பட்டவர்கள் மட்டும் போனால் மொழி வராது, எல்லாரும் போனால்தான் வரும் என்று கட்டாயமாக்கிவிட்டார். போக இரண்டு ராத்திரி ரயில்.

பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். சிலர் தலையாட்டினார்கள், சிலர் செலவு கேட்டார்கள். அப்பாவின் முறை வந்தது. எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாகச் சொன்னார்.

"ஆட்டும், பாப்போம்."

எங்கள் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகையை நீட்டி, கட்டாயம் வரணும் என்கிறார்கள், போகிற உத்தேசம் இல்லை, ஆட்டும், பாப்போம். ஒருவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு வருகிறார், கொடுக்க மனசில்லை, ஆட்டும், பாப்போம். 'ஆகட்டும்' என்ற முதல் வார்த்தை எதிரே இருப்பவருக்குக் கொடுக்கிற மரியாதை. 'பாப்போம்' என்பதுதான் பதில். முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்லுவது எங்களுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி. அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அப்பா மறுத்துவிட்டார் என்று புரிந்தது. மேடையில் நின்ற ஒருவருக்கு மட்டும் புரியவில்லை. பிரின்சிபால் முதல் வார்த்தையோடு காதை மூடிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம் சார்" என்று என் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்தார்.

சில வாரம் கழித்து சுவெட்டர் வந்தது. ஆளுக்கு ஒன்று, பெயர் தைத்து. என்னுடையதை நான் மார்போடு அணைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன். ஏன் மறைக்க வேண்டும், எனக்குப் போகவேண்டும் என்று உயிர் துடித்தது. என்னை யாருக்குமே தெரியாத ஓர் ஊர்! முகத்தைப் பார்த்து, 'ராத்திரி தூங்கினியா?' என்று கேட்க ஆளில்லாத ஒரு வீடு! அம்மா சுவெட்டரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, டிக்கெட்டும் போட்டாச்சாமே! ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சு அங்கன போயி இறங்கி, வந்துட்டுன்னா? பாஷ தெரியாத வீட்டுல யாரு இவ கையில இரும்பக் கொடுப்பா?" என்றாள். அப்பா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

மறுநாளிலிருந்து அப்பா பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடந்தார். உண்மையைச் சொல்ல முடியாது. அதனால் கைக்கு வந்த காரணத்தையெல்லாம் சொன்னார். குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார். "அதுக்குத்தானே சார் சுவெட்டர்" என்றார் பிரின்சிபால். சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றார். அங்கேயும் சைவச் சாப்பாடுதான் என்று பதில் வந்தது. கடைசியில் பொம்பளைப் பிள்ளை என்று இழுத்தார். "வர்ற எல்லாருமே பொம்பளைப் பிள்ளைங்கதான் சார்" என்றார் அவர். எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டுவிட்டு இப்போது சாக்குச் சொல்கிற பொய்யர் என்று அவர் அப்பாவை நினைத்துவிட்டார். ஒரு வகையில் அதுவும் சரிதான், சொன்னதெல்லாம் பொய்தானே! கடைசியாக வீட்டுக்குக் கடிதம் வந்தது. ஒன்று, அனுப்ப வேண்டும். அல்லது டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்பு நடு வருஷத்தில் டி.சி.யோடு போய் நிற்கிற பெண்ணை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? என்ன தப்புப் பண்ணினாள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்பா ஓரிரு இடத்தில் விசாரித்து, அப்படியே கேட்கப்பட்டு, வாடிப்போய் வந்தார். சரி, சர்ட்டிபிகேட் கொடுத்துவிடலாமே என்றால், அங்கே கிளார்க் அண்ணாச்சி இருந்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அடுத்த தெருவில் வீடு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குள் டவுண் முழுக்கப் பரிமாறப்பட்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஒவ்வொரு தாளும் அவர் கையைத் தொட்டுத்தான் ஃபைலுக்குள் போகும். சர்ட்டிபிகேட் கொடுப்பதும் கோயில் வாசலில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

இதற்கிடையில் ஊர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. மகளை இந்தி படிக்க அனுப்பமாட்டேன் என்று ஒருத்தர் தனியாளாக நின்று போராடுகிறாராம். டீக்கடையில் கரைவேட்டி கட்டிய ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அண்ணாச்சி, நம்ம ஊர்ல ஆம்பளன்னா நீங்கதான். விட்றாதீக. ஒரு வார்த்த சொல்லுங்க, பள்ளிக்கூடத்து வாசல்ல கொடியோட வந்து நிக்குதோம்" என்றார். அப்பா வேர்த்துப் போனார். "அதெல்லாம் வேண்டாம்வே, பைய பேசித் தீத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவந்தார். அலுவலகத்திலோ அவருடைய மேலதிகாரி வடக்கத்திக்காரர். 'என்னிடம் இந்தியில் குட்மார்னிங் சொல்லுகிற ஆளா நீ' என்பதுபோலப் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

எனக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரி விழித்துக் கிடந்தால் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே தூக்கம் வராது. பயம் கூடக் கூட இன்னும் விழிப்பு. காலையில் பிரேயர் வரிசையில் நிற்கும்போது, இப்போது விழுந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். சுவெட்டர் வாங்கியவர்கள் எல்லாரும் போகிறவர்கள், என்னிடம் மட்டும் சுவெட்டரும் இருந்தது, சண்டையும் இருந்தது. தோழிகள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். என்னால் பயணமே நின்றுபோய்விடும் என்று அவர்களுக்குக் கடுப்பு. அம்மா தினமும் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்து மூடினாள்.

கெடு முடிந்த நாள் காலையில் அப்பா லீவு போட்டுவிட்டு, சுவெட்டரை ஒரு மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். என்னையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் போய் நின்றேன். பிரின்சிபால் அறைக்கு அரைக்கதவு. வெளியே வராந்தாவில் கிளார்க் அண்ணாச்சியின் மேஜை, அதற்கப்பால் பெஞ்சில் இரண்டு மூன்று பெற்றோர். மேஜைக் கண்ணாடியின் மேல் டி.சி. தாள் இருந்தது. பேனாவின் மூடி கழற்றியிருந்தது.

"கடைசியாக் கேக்கறேன் சார். அனுப்பறீங்களா, இல்லையா?"

"அது வந்து மேடம்..."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஆகட்டும்னு சொன்னீங்க."

"பாப்போம்னும் சொன்னேம்லா மேடம்."

"சரி. பாத்தீங்களா, இல்லையா?"

 பிரின்சிபால் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். என் பெயரின் முதல் எழுத்து தாளில் விழுவதைத் தலைகீழாகப் பார்த்தேன். பக்கத்தில் அப்பாவின் விரல்கள் மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தன. இந்த மனிதர் சொல்லமாட்டார், எனக்காகவே சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.  ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, சாவியை எடுத்து, அந்த டி.சி. தாளின் ஓரத்தில் வைத்தேன். கண்ணாடியில் பட்டு ணங்கென்றது.

பிரின்சிபால் சாவியைப் பார்த்தார். பூட்டுச் சாவி ஒன்றை ஒரு பெண் எதற்கு ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரின் 'பாப்போம்' அவருக்குப் புரியாமல் போயிருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் பெட்டியில் கிடக்கிற துருப்பிடித்த இரும்புச் சாவி டில்லியில் வளர்ந்தாலும் புரிகிற பாஷைதான் போலிருக்கிறது. குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"உனக்கா?"

தலையாட்டினேன். அப்பா குனிந்தபடியே, அடிக்குரலில் சொன்னார். "பதினொரு வயசுல இருந்து மேடம். தூக்கம் கெடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வெளிய தெரிஞ்சா இவள..."  அப்பா கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிரின்சிபால் பேனாவை மூடினார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். அரைக்கதவுக்குக் கீழே கிளார்க் அண்ணாச்சியின் செருப்பு இரண்டும் தெரிந்தன. மேஜையில் இருந்தவர் எப்போது எழுந்து வந்து நின்றாரோ தெரியாது. அறையில் சத்தமே இல்லாமல் போனதால்தான் வந்திருக்க வேண்டும். பிரின்சிபால் சாவியைச் சட்டென்று கையால் மூடினார். பிறகு மேஜைமேல் குனிந்து, உதடு மட்டும் அசைகிற மாதிரிப் பேசினார்.

"ஃபைல்ல ஏதாவது காரணம் எழுதியாகணும். வெளியில என்ன காரணம் ஓடுது?"

"இந்தி வேண்டாங்கேன்னு பேசுதாங்க மேடம்."

"அதையே சொல்லுங்க. சத்தமா."

அப்பா பரிதாபமாக விழித்தார். "எனக்கு இந்தி தெரியும் மேடம். பரீட்ச எழுதியிருக்கேன்."

"எனக்கும்தான் தெரியும். இப்ப அதுவா முக்கியம்? கத்துங்க சார்!"

அப்பா தொண்டையைச் செருமினார். முதல் தடவை வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தடவை, "எம் பிள்ளைக்கு இந்தி வேண்டாம்!" என்றார். குரல் கிறீச்சிட்டு உடைந்தது. அரைக்கதவுக்குக் கீழே செருப்பு ஒரு அடி முன்னால் வந்தது.

"அப்ப டி.சி. வாங்கிட்டுப் போங்க!" என்று பிரின்சிபால் மேஜையில் அறைந்தார். அப்பா நிஜம் என்று நினைத்து என்னைப் பார்த்தார். பிரின்சிபால் கண்ணாலேயே இல்லை என்று சைகை காட்டினார். அப்புறம் என்ன நடந்தது என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. நடிப்பாகத் தொடங்கியது எந்த இடத்தில் நிஜமானது என்று அவர்கள் இருவருக்குமே தெரிந்திருக்காது. இத்தனை நாள் அவமானப்பட்டு நடந்த நடையெல்லாம் அப்பாவின் தொண்டைக்கு வந்துவிட்டது. "பாப்போம்னா மாட்டேன்னு அர்த்தம்! இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்! ஒரு மனுஷன் வாயத் தொறந்து இல்லன்னு சொல்ல முடியாம நிக்கான்னா, ஏன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியளா?" என்று கத்தினார். "மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லணும்! உங்க மனசுல இருக்கறது எனக்கு ஜோசியமா தெரியும்?" என்று அவரும் கத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர். அப்பா மஞ்சள் பையிலிருந்து சுவெட்டரை எடுத்து மேஜைமேல் வீசினார். "இந்தச் சவத்த நீங்களே வச்சுக்கிடுங்க!" என்றார். பிரின்சிபால், வராந்தா கடைசி வரைக்கும் கேட்கிற குரலில், "போதும்! கட்டாயம் இல்லைன்னே எழுதித் தரேன்! இந்த ஊருக்கு நல்லது செய்ய வந்தேனே, என்னைச் சொல்லணும்! போங்க வெளியே!" என்றார்.

நாங்கள் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது கிளார்க் அண்ணாச்சி பவ்யமாக ஒதுங்கி வழிவிட்டார். பஸ் பாலத்தின் மேல் வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். "நெசமாவே கோவம் வந்துட்டு ட்டி" என்றார், வெட்கத்தோடு. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மாவும் நெசமாத்தான் ஏசிருக்காங்க" என்றார். அன்றைக்கு அல்வாப் பொட்டலம் பெரியதாக இருந்தது.

பயணம் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பாதிப் பேர் விலகிக்கொண்டார்கள். ஊரில் சுவரொட்டி முளைத்ததும் நிர்வாகம் பயந்து, அடுத்த வருடத்திலிருந்து அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பிரின்சிபாலைத் தாளாளர் கூப்பிட்டு, ஒரு குமாஸ்தாவுக்குப் பயந்து பின்வாங்குவதா என்று கேட்டாராம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி இறங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. தன் கனவு செத்த பழியையும், ஊரில் தோற்றுப்போனவள் என்ற பெயரையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அவர் பாட்டுக்கு நடந்தார்.

சில நாள் கழித்து, கிளார்க் அண்ணாச்சி பார்க்க, என்னைக் கூப்பிட்டு அந்தச் சுவெட்டரை முகத்தில் எறியாத குறையாகக் கொடுத்தார். "உங்கப்பா கிட்டக் குடு. பேர் தச்சதை வேற யாருக்குத் தர முடியும்?" என்றார். வீட்டில் விரித்துப் பார்த்தால் உள்ளே சுருட்டிய கைக்குட்டையில் என் சாவி. அன்றையிலிருந்து பிரேயரில் என்னை நிற்கவிடவில்லை. "இவ நிழல்லயே உக்காரட்டும். இவங்கப்பாவுக்கு நம்ம பிரேயரும் பிடிக்காது" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஒரு குத்தல். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பாக வரும், வேறு காரணத்துக்காக. அப்பாவும் அவரும் ஜங்ஷனிலோ ஜவுளிக் கடையிலோ எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு அப்பா மெதுவாக, "கொஞ்சம் மெலிஞ்சிருக்காங்க, இல்லட்டி?" என்று கேட்பார்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலம் வந்தபோது அப்பா மறைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை கத்திப் பழகிவிட்டது அல்லவா! வந்தவர்களிடம் காபிக்கு முன்பே சொன்னார். முதலில் வந்தவர்கள் ஆட்டும், பாப்போம் என்று எழுந்தார்கள். அடுத்து வந்தவர்களும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒரு மாமியார்தான், "மாத்திர போட்டா நிக்கில்லா? எங்க வீட்டுல சுகருக்கு ஆளுக்கொரு டப்பா கிடக்கு. இவளுக்கும் ஒரு டப்பா, அம்புட்டுதான்" என்று பூ வைத்துவிட்டுப் போனாள்.

பத்திரிகை அடித்ததும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் போனது பிரின்சிபால் வீட்டுக்கு. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் பெயரைத் தடவிப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாராம். தெரியும் என்று அம்மா சொன்னாளாம். கட்டாயம் வரணும் மேடம் என்றிருக்கிறார் அப்பா. அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக, "ஆட்டும், பாப்போம்" என்றாராம். ஒரு எழுத்துப் பிசகாமல், எங்கள் ஊர் இழுப்போடு! அப்பா வீடு வந்து சேரும்வரை சிரித்திருக்கிறார். பிரின்சிபால் வரவில்லை. கிளார்க் அண்ணாச்சி முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த கல்யாணத்துக்கு அவர் எப்படி வருவார்? அவ்வளவு காலம் கட்டிக் காத்த சண்டை என்னாவது?

கணவரின் காலத்துக்குப் பிறகு அவர் டில்லிக்கே போய்விட்டார். அங்கேயே இறந்துபோனார் என்ற செய்தியும் எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. அன்றைக்கு அப்பா தலைமுழுகினார். அம்மா தானாகவே வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

போன மார்கழியில் ஒரு மொழி அமைப்பிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் இளவட்டங்கள். அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, மேடையில் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்பாவுக்கு இப்போது காது மந்தம், முட்டிவலி. ஆனால் புத்தி தெளிவு. நான் அவர் காதருகே குனிந்து, இனி என்னப்பா, உள்ளதைச் சொல்லிவிடுங்கள், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை என்றேன். அப்பா வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஒரு சால்வ போதாதே தம்பி. ரெண்டு வேணும்லா" என்றார்.

"இன்னொண்ணு யாருக்குய்யா?"

"எங்கூட சண்ட போட்டாங்கள்லா, அந்த அம்மாவுக்கு. நான் வெறுமன கத்துனேன். சண்டையப் போட்டது அவங்கதான்."

பெரியவருக்கு வயசாகிவிட்டது என்பதுபோல அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் காபி கொண்டுவர எழுந்தேன். அவர்கள் மறுபடி அழைத்தபோது அப்பா கைகூப்பி, "ஆட்டும், பாப்போம்" என்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் அல்லவா, உடனே புரிந்துகொண்டு எழுந்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும், குளிருதுட்டி என்றார் அப்பா. துண்டு கொண்டுவந்தேன். அது வேண்டாம் என்று பீரோவைக் காட்டினார். சுவெட்டரை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் சுவெட்டர் எந்த ஆளுக்குச் சேரும்? முட்டிமேல் விரித்துக்கொண்டார். அந்துருண்டை வாசனை அறை முழுக்க வந்தது. மூக்குக் கண்ணாடியை மேலேற்றி, கழுத்து நாடாவை வெளிச்சத்தில் பிடித்து, ஊரே இந்தி எதிர்ப்பாளர் என்று கொண்டாடுகிற என் அப்பா, ஒவ்வொரு இந்தி எழுத்தாக விரல் வைத்து என் பெயரை வாசித்தார். நடுவில் ஓர் எழுத்தில் விரல் நின்றது.

"ஒரு எழுத்து தப்பா தச்சிருக்காங்க ட்டி" என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"யாருகிட்டப்பா?"

அப்பா சுவெட்டரை இன்னும் கொஞ்சம் இழுத்து முட்டியை மூடிக்கொண்டார்.